அங்கிட்டு

ஏழு பகுதிக்கு நான்தான் தமிழ் எழுதினேன்.
வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்து,
ஒரு நேரத்தில் இரண்டே வரி,
ஆள் வாய் மூடுவதற்குள் வாசித்து முடிக்கணும்.
விளக்குத்தூணுக்குப் பின்னால் மூன்றாவது சந்து.
கீழே பாத்திரக் கடை,
மாடியில் நானும்
விசிறி கத்துகிற ஒரு லேப்டாப்பும்.

படமென்று அனுப்பியது பாதிப் படம்.
கறுப்பு வெள்ளை.
குறுக்கே கம்பெனி முத்திரை,
பேசுகிற வாய் மட்டும் ஒரு வட்டத்துக்குள் தெரியும்.
போலீஸ்காரி சிக்ரித்தின் கண் என்ன நிறமென்று தெரியாது.
தூக்கத்தில் அவள் யார் பேரைச் சொல்கிறாள்,
படகோட்டி காணாமல் போன ராத்திரி
அவன் சட்டைப்பையில் என்ன இருந்தது,
அதெல்லாம் தெரியும்.

ஆள் நடந்தால் தாங்குகிற பனிக்கு
அவர்களிடம் ஒரு சொல்,
தாங்காத பனிக்கு வேறொன்று.
என்னிடம் இருந்தது மார்கழிப் பனி.
அதைப் புல்லே தாங்கிவிடும்.

எட்டாவதைக் கோயம்புத்தூர்க்காரர் யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.
முடிவு கசியக் கூடாதாம்.
ஏழு மாதம் காத்திருந்தேன்.
வெளியான அன்று
ஆறு மணிக்கே மாவு தீருகிறவரை தோசை ஊற்றி வைத்து,
சந்தாவும் கட்டி,
பெயரைத் தட்டினால்

'இந்நிகழ்ச்சி உங்கள் பகுதியில் கிடைக்காது.'

அந்த வாக்கியத்தையும்
போன வருஷம் நான்தான் தமிழாக்கினேன்.
ஒன்றரை ரூபாய்.
கிடைக்கவில்லை என்று முதலில் போட்டிருந்தேன்,
திருப்பி அனுப்பினார்கள்.
கிடைக்கவில்லை என்றால்
நாளைக்குக் கிடைக்குமோ என்று ஜனங்கள் நினைப்பார்களாம்.

கனடாவுக்கு உண்டு. மலேசியாவுக்கு, சிங்கப்பூருக்கு உண்டு.
தமிழ் போய்ச் சேர்ந்துவிட்டது.

கடைக்காரர் மகன் குபேந்திரன் ஒரு செயலி ஏற்றிக் கொடுத்தான்.
'அமுக்குங்கக்கா, டொராண்டோ ஆயிருவீங்க.'
ஆனேன்.
மைனஸ் ஒன்பது டிகிரி.
பனிக்காலணி தள்ளுபடியில் வேண்டுமா என்று கேட்டார்கள்.
யாரோ பித்தளைக் குடத்தைச் சுண்டிப் பார்த்த சத்தம்
டொராண்டோ வரைக்கும் கேட்டது.
பத்து நிமிஷம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு
என்னைக் கண்டுபிடித்து வெளியே தள்ளியது.
தள்ளின வாக்கியம் என்னுடையதில்லை,
ஒற்றுப் பிழை இருந்தது.

ஒரு வாரம் கழித்து ஸ்கார்பரோவிலிருந்து மேனகா.
பள்ளிக்கூடத்துச் சிநேகிதி.
நாங்கள் பேசிக்கொள்வது சௌராஷ்டிரம்.
மொழிகளின் பட்டியலில் அது
எந்த நாட்டிலும் கிடைக்காது.
(அவள் சொன்னதை இங்கே தமிழில் போடுகிறேன்,
காசில்லாமல்.)
'நாலாம் பகுதியில் உன் போலீஸ்காரி
அங்கிட்டுப் போகாதீங்க, உடையும் என்கிறாளே?
எங்க வீட்டுக்காரர் யாழ்ப்பாணம்,
இது என்ன பாஷை என்று கேட்கிறார்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
அப்புறம் நிறுத்தி நிறுத்தி
அந்த இடத்தையே நாலு தடவை பார்த்தேன்.'

பொதுத்தமிழ் மட்டும் என்பது கட்டளை.
'அந்தப் பக்கம்' வரிக்குள் அடங்கவில்லை,
மூன்று எழுத்து மிஞ்சியது.
அப்படித்தான் மேலிடத்துக்கு எழுதினேன்.
உண்மையில் அந்த இடத்தில்
சிக்ரித் கத்துகிறாள். ஆள் பனிமேல் போய்க்கொண்டிருக்கிறான்.
கத்தும்போது யார் 'அந்தப் பக்கம்' என்று சொல்வார்கள்?

'சரி, கொன்றது யார்?'
'தூங்கிப் போனேன்,' என்றாள்.
'கடைசி அரை மணி நேரம். ரெட்டை ஷிப்டு.
வேண்டுமானால் இன்றைக்குப் பார்த்துச் சொல்கிறேன்.'

கொன்றவன் கிடக்கட்டும், மேனகா.
எட்டாம் பகுதியில்
பனி உடைகிற நேரம் மறுபடி வரும்.
அப்போது அவள்
அக்கட்டால போங்க என்கிறாளா
பார்த்துச் சொல்.