கியர் ராடுக்கு இந்தப் பக்கம்

குட்டி யானை என்று இதற்குப் பேர் வைத்தவன்
உள்ளே படுத்துப் பார்த்திருக்க மாட்டான்.
இடுப்பு டிரைவர் சீட்டில்,
தலை கிளீனர் சீட்டில்,
நடுவே, விலா எலும்பில் முட்டிக்கொண்டு, கியர் ராடு.
இதற்குள் உடம்பை மடிக்கக் கற்றுக்கொள்ள
எனக்கு ஏழு மாதம் ஆனது.

பின்னால் எண்பது பெட்டி தக்காளி,
கெலமங்கலத்துத் திம்மராயப்பாவின் தோட்டம்.
நாலரைக்கு ராயக்கோட்டை மண்டி திறக்கும்.
போன வாரம் பெட்டி நானூறு.
நாளைக்கு நூற்றிருபதுகூடத் தேறாது என்று
சாயங்காலமே போன் வந்துவிட்டது.
விலை விழுந்தால் சத்தம் வராது.
அடிப்பெட்டி கசிந்து
தார் மேல் சொட்டுவதுதான் கேட்கிறது.

முதலில் ஊருக்கு வெளியேதான் நிறுத்தினேன்.
புளியமரம், காற்று, கேட்க ஆள் இல்லை.
பதினோரு மணிக்கு முகத்தில் டார்ச்.
பாரஸ்ட் வாட்சர் பசவராஜ்.
"அண்ணே, மூணு உருப்படி இறங்கியிருக்கு.
வாசனை பிடிச்சு நேரா உங்ககிட்டதான் வரும்.
ஊருக்குள்ள போட்டுக்குங்க."
என்ன உருப்படி என்று சொல்லவில்லை.
ராத்திரியில் அவன் வாயில் அந்தப் பேர் வராது.

ஊருக்குள் வந்தேன்.
எஞ்சினை அணைத்த பிறகுதான்
ஒரு தெருவுக்கு எத்தனை காது என்று தெரிகிறது.
மாடியில் லைட் எரிந்தது.
"யாருப்பா? இங்கெல்லாம் நிறுத்தக் கூடாது."
"விடியறதுக்குள்ள எடுத்துடறேன் சார்."
"வயசுப் பொண்ணுங்க இருக்கிற வீடு."
எனக்கும் ஒருத்தி இருக்கிறாள்,
காவேரிப்பட்டணத்தில், பிளஸ் டூ,
உயிரியல் நோட்டில் தவளைக்கு நிறம் தீட்டிக்கொண்டு.
சொல்ல வாயெடுத்தேன்.
அப்புறம் வீட்டுக்குப் போவதுதானே என்பார்.
போய் வரும் டீசல் கணக்கை
நடுத்தெருவில் அண்ணாந்து பார்த்தபடி எப்படிச் சொல்வது?

முப்பதடி தள்ளிப் போட்டேன்.
ரோடு வரி நானும்தான் கட்டுகிறேன்.
அது ஓடுவதற்காம்,
நிற்பதற்கு இல்லையாம்.

ஒரு மணிக்கு பீட் போலீஸ்.
ஆர்.சி. பார்த்தார், என் காலைப் பார்த்தார்,
பெட்டிகளைப் பார்த்தார்.
"பழுக்காததாப் பொறுக்கி ஒரு கவர்ல போடு."
போட்டேன்.
கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி
மறுபடி மடிந்தேன்.
என் மூச்சே எதிரே படிந்து
டியூப் லைட் கரைந்து பரவியது.

கண் அசந்த நேரம்
ஏரிப் பக்கம் வெடி. இரண்டு. அப்புறம் ஒன்று.
நாய்கள்.
விரட்டுகிறார்கள்.
அந்தக் காட்டிலிருந்து இந்தக் காட்டுக்கு,
இங்கே இருக்கிறவர்கள் வெடி வைத்திருந்தால்
திரும்பவும் அங்கே.
எங்கே போய்ப் படுக்கும் அவ்வளவு பெரிய உடம்பு?

மாடி லைட் மறுபடி எரிந்தது.
குரல் இப்போது வேறு மாதிரி, தாழ்ந்து:
"ஏம்பா, தக்காளி லோடா அது?"
"ஆமாங்க."
"தயவு பண்ணி இங்கிருந்து எடுத்துடு."

மூன்றரைக்கே மண்டி வாசலில் நின்றேன்.
தொண்ணூறு ரூபாய்க்கு அறுபத்தெட்டு பெட்டி போனது.
பன்னிரண்டை வேண்டாம் என்றார்கள்.
திம்மராயப்பா போனில் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, "எங்கேயாவது கொட்டிட்டு
காலிப் பெட்டியைக் கொண்டா" என்றார்.

எங்கேயாவது என்றால் எனக்கு அந்தப் புளியமரம்தான் தெரியும்.
ரோட்டை விட்டு உள்ளே, பள்ளத்தில் கவிழ்த்தேன்.
பசவராஜ் பார்த்தால் திட்டுவான்,
திட்ட வேண்டியதுதான்.
பக்கத்தில் சாணம் கிடந்தது, கூடை அளவு,
இன்னும் ஆவி விட்டுக்கொண்டு.

மரத்தடியிலேயே வண்டியைப் போட்டு
இரண்டு கதவையும் திறந்து கால் நீட்டினேன்.
டவுன் பஸ் போனது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனார்கள்.
"பாவம், தூங்கறாரு" என்றாள் ஒரு குட்டிப் பெண்.
பகலில் தூங்கினால் பாவமாம்.
கண்ணைத் திறக்காமலே
கியர் ராடை முதலுக்குத் தள்ளிவிட்டுத்
திரும்பிப் படுத்தேன்.