ஜூன் மாதத்து இருட்டு

எங்கள் வழக்கத்தில் பரிசைக் கட்டினால் மட்டும் போதாது.
அரக்கை உருக்கி முத்திரை வைத்து
மேலே இரண்டு வரி எழுத வேண்டும்,
உள்ளே இருப்பதைச் சொல்லாமல் சொல்கிற இரண்டு வரி.
எதுகை தப்பினால் தங்கை சிக்னே
ஈஸ்டர் வரை சொல்லிச் சிரிப்பாள்.

கிருனாவில் சூரியன் போய் ஒன்பது நாள்.
சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்து
சமையல் மேசையில் உட்கார்ந்தேன்.
கத்தரிக்கோல், சணல் கயிறு,
பேனாவுக்குப் பழகாத விரல்கள்.

அப்பா ஹில்டிங்குக்கு எண்பத்து நான்கு.
எதைக் கொடுத்தாலும் "எனக்கெதற்கு."
போன வருஷத்து ஸ்வெட்டர் இன்னும் பையிலேயே.
பழைய சாமான் கடையில்
ஓடாத ரேடியோ ஒன்று தேடினேன்.
கடைக்காரி ஓடுவதை எடுத்து நீட்டினாள்.
கெட்டதுதான் வேண்டும் என்றேன்.

    பாடவும் தெரியாது, பேசவும் தெரியாது;
    நாடி பிடித்துப் பார், பிழைக்காமல் போகாது.

சிக்னேயின் குழந்தை ஐனாருக்கு
அட்டைப்பெட்டியைக் காலியாகவே கட்டினேன்.
மொறமொறக்கும் காகிதம், நாலு சுற்று.
ஏழு மாதத்துக்கு அதுதான் பரிசு. தின்னட்டும்.

குன்வோருக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை.
ஜூனில் இங்கே சூரியன் மறையாது.
காலையில் வந்து படுப்பாள்,
முழங்கையால் கண்ணை மூடிக்கொண்டு.
பத்தொன்பது கோடை
அந்த முழங்கையைப் பார்த்திருக்கிறேன்,
உறைக்கவில்லை.
கனத்த கறுப்புத் திரை, இரண்டு ஜன்னலுக்கு.
"இப்போதா?" என்றாள் கடைப்பெண்.
வெளியே மதியம் மூன்று மணி,
தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

    கேட்காமல் வந்ததை இன்று வெறுப்பாய்;
    கேட்டும் கிடைக்காத நாளில் விரிப்பாய்.

தூவாவுக்குப் பதினைந்து.
என்ன வேண்டும் என்று கேட்கப் போனேன்.
"ஒன்றும் வேண்டாம். தட்டிவிட்டு வா."
நவம்பரிலும் அதையேதான் சொன்னாள்.
பித்தளைத் தாழ்ப்பாள் வாங்கினேன்,
உள்பக்கம் போடுவது, நான்கு திருகாணியோடு.
"யோசித்துத்தான் செய்கிறாயா?" என்றாள் குன்வோர்.
யோசித்தேன். தூக்கம் கெட யோசித்தேன்.

    உள்ளே இருப்பவள் விரலுக்கு அசைவேன்;
    தள்ளிப் பார்ப்பவர் தோளுக்கு அசையேன்.

தம்பி ஸ்தூரே தொடாமல் பதினான்கு மாதம்.
வருஷா வருஷம் நான் கொடுத்தது ஒரு பாட்டில்.
இந்த வருஷமும் கால்கள் தாமாக
அந்தக் கடை வாசல் வரை போய்
நின்று திரும்பின.
உறைந்த ஏரியில் மீன் பிடிக்க
மடக்கு நாற்காலி வாங்கினேன். இரண்டு.
வரிதான் வரவில்லை.
எந்தச் சொல்லை எடுத்தாலும் அதன் எதுகை
கண்ணாடிக் கோப்பைக்குள் போய் விழுந்தது.
மூன்று இரவு.
கடைசியில் வெறும் அட்டையை ஒட்டினேன்.

இருபத்து நான்காம் தேதி மாலை.
குன்வோர் "பனியா?" என்றாள், "கடனா?" என்றாள்.
பிரித்ததும் ஒன்றும் சொல்லவில்லை.
திரையைத் தலைமேல் போர்த்திக்கொண்டு
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.
அப்பா "எந்த மடையன் கெடுத்தது இதை?" என்று
வெண்ணெய்க் கத்தியால் மூடியைக் கழற்றினார்.
பன்றித்தொடை ஆறிப்போனது.
ஐனார் ஒரு மூலையைத் தின்று முடித்தான்.

ஸ்தூரே எழுந்து நின்றான்.
வெற்று அட்டையைக் கண்ணுக்கு நேரே பிடித்து
சரியாக இரண்டு வரி நேரம் வாசித்தான்.
எல்லாரும் காத்திருந்தோம், சிக்னேகூட.
"எதுகை நன்றாக இருக்கிறது" என்றான்.
நாற்காலிகளை விரித்து
ஒன்றை என் பக்கம் தள்ளினான்.

தூவா பிரிக்கும் முன்பே கண்டுபிடித்தாள்.
காது மடல் சிவக்க மாடிக்குப் போய்விட்டாள்.
கொஞ்ச நேரத்தில் திருப்புளிச் சத்தம்.
கீழிருந்து எண்ணினோம்:
ஒன்று. இரண்டு. வெகுநேரம் கழித்து மூன்று.

"அப்பா,
நாலாவது இறங்க மாட்டேன் என்கிறது."

போனேன்.
கதவு திறந்துதான் கிடந்தது.
தட்டினேன்.