பன்னிரண்டு கட்டம்

விண்ணப்பத்தில் பன்னிரண்டு கட்டம்.
யித்காவின் பாஸ்போர்ட்டில் எட்டே எண்கள்.
மிச்சக் கட்டத்தில் என்ன எழுதலாம் என்று
என்னைக் கேட்கிறாள்.
நான் கேபிள் இழுக்கிறவன், மேடம்.
கட்டத்தை இழுத்துச் சுருக்க எனக்குத் தெரியாது.

ஈளாடாவுக்குக் கீழே
கேரட் தோட்டம் முடிகிற இடத்தில் வீடு.
செக் நாட்டிலிருந்து
பாசி பிடித்த சுவர்களைப் பார்க்க வந்தவள்.
நாம் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடிக்கிறதை
இவள் லென்ஸ் வைத்துப் படம் பிடிக்கிறாள்.
ஒரு படம் அங்கே போய்ச் சேர
பஸ் நிறுத்தத்தில் போனைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும்;
அதற்குள் கொடநாடு பஸ் இரண்டு போய்விடும்.

நீல ஃபைலைத் திறந்து மேசையில் பரப்பினாள்:
விசா, போலீஸ் பதிவுத் தாள்,
கல்லூரிக் கடிதம், வாடகை ஒப்பந்தம்,
வீட்டுக்காரர் போஜனின் அண்ணன் பேரில் கரண்ட் பில்.
அண்ணன் செத்துப் பதினொரு வருஷம்.
ஆபீசுக்குப் போன் போட்டேன்.
கரண்ட் பில் செல்லும் என்றார்கள்.
ஆள்தான் செல்லாதாம்.

என் அப்பாவிடமும் இப்படி ஒரு ஃபைல் இருந்தது.
பிறந்த இடம் பதுளை என்று போட்ட தாள்,
மண்டபம் முகாமின் முத்திரை,
முத்திரைக்கு அடியில் பாதி முகம்.
நான் பிறந்தது கோத்தகிரி அரசு ஆஸ்பத்திரியில்;
டீக்கடையில் இன்றைக்கும் சிலோன்காரன் மகன்.
இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை.
ஏணியைப் பிடிக்கச் சொன்னேன்.
நன்றாகப் பிடித்தாள்.

கடைசியில் போஜனே இறங்கி வந்தார்.
என் பேரில் போடு, பணம் அந்தப் பிள்ளை கட்டட்டும்.
அவர் ஆதாரைப் போட்டதும்
ஓடிபி அவருடைய பட்டன் போனுக்குப் போயிற்று.
பட்டன் போனுக்குச் சிக்னல்
தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான்.
அவர் ஏறி, கண்ணாடியைத் தேடி,
முதல் மூன்று எண்ணைக் கத்துவதற்குள்
நேரம் முடிந்தது.

இரண்டாவது தடவை
அவர் மனைவி மாதியைப் பாதி வழியில் நிறுத்தினோம்.
தொட்டியிலிருந்து அவர் படுகத்தில் எறிய,
பனிமூட்டத்துக்குள் மாதி அதைப் பிடித்து
எனக்குத் தமிழில் தர,
நான் விரல் விட்டுக் காட்ட,
யித்கா தன் பாஷையில் முணுமுணுத்தபடி அடித்தாள்.
ஆறு எண்.
நான்கு பேர்.
கம்பியே இல்லை.

பிறகு வேலை என்னுடையது.
தேயிலைக்கு மேலே முந்நூறு மீட்டர்,
காட்டெருமை முதுகு சொறிந்து சாய்த்த கம்பத்தைச் சுற்றி,
சில்வர் ஓக் ஒன்றில் கட்டி,
ஜன்னல் மூலையில் துளை போட்டு உள்ளே.
மோடத்தில் சிவப்பு. சிவப்பு. சிவப்பு.
பச்சை.

கடவுச்சொல் வேண்டும் என்றேன்,
எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது.
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள்.
பிறகு அதே நீல ஃபைலை இழுத்துப்
பாஸ்போர்ட்டைத் திறந்தாள்.
நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.
முதல் தடவையே,
ஒரு கேள்வி கேட்காமல்
வாங்கிக்கொண்டது.

உடனே ஒரு பாசியை அனுப்பினாள்.
இமைப்பதற்குள் போனது.
இமைப்பதற்குள் பதிலும் வந்தது,
அவளுடைய வாத்தியாரிடமிருந்து ஒரே வரி.
என்ன மேடம் சொல்றார்?
'மங்கலாக இருக்கிறது. மறுபடி எடு.'

நனைந்த சுவரை நோக்கி அவள் போனாள்.
கட்டிங் பிளேயரை எங்கே வைத்தேன் என்று
நான் தேயிலைக்குள் தேடிக்கொண்டிருந்தேன்.