பதிவேட்டில் முதல் எண்

நகராட்சி என்னை அனுப்பியது எண்ணுவதற்கு.
மதிப்பிடுவது தலைநகரத்து வேலை.
மூன்று படிவம், ஒரு பசைக்குப்பி, எட்டு நாள் படி.

அட்டகாமா பாலையில், சான் ஒனோஃப்ரேயில்
ரயில் நிற்பதில்லை. நிலையம் மட்டும் நிற்கிறது.
சன்னலுக்குப் பின்னால் எவரிஸ்தோ சோக்கே
அருங்காட்சியகத்துக்குச் சீட்டு கிழிக்கிறார்,
ரயில்வேயின் மிச்ச அட்டைகளில்.
இன்றும் அவற்றில் ‘போக மட்டும்’ என்றே அச்சு.

நாற்பத்தோராண்டு தண்டவாளம் பார்த்தவர்.
தளர்ந்த ஆணி தேடிக் குனிந்த கண்ணுக்கு
ஆணி அல்லாததெல்லாம் அகப்பட்டிருக்கிறது.
வெயில் குடித்து ஊதாவாகிப்போன சீசாக்கள்.
வலதுகால் செருப்புகள், நூற்றுப் பன்னிரண்டு.
இடதெல்லாம் எங்கே என்றேன்.
காற்றைக் கேளுங்கள் என்றார், கோபமாக.
வெடிமருந்துப் பெட்டியில் அடித்த தொட்டில்,
அதன் பக்கப் பலகையில் அழியாத எழுத்து:
தீயிலிருந்து தள்ளி வைக்கவும்.

ஒரு சுவர் முழுக்கக் கறுப்பு வில்லைகள்,
வெடியுப்புக் கம்பெனி கூலியாகக் கொடுத்தவை,
கம்பெனிக் கடையில் மட்டும் செல்லும் காசு.
உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பானாம்.
இங்கே உப்பைத் தோண்டியவன்
தண்ணீரையும் அந்தக் கடையில்தான் வாங்கினான்.

பெயர் தெரியாத பொருளுக்கு அவர் பெயர் வைப்பதில்லை.
வளைந்த இரும்பொன்று. அடியில் சீட்டு:
‘இது என்னவென்று தெரிந்தால் சண்டைக்கு வாருங்கள்.’
வந்திருக்கிறார்கள். ஏழு பேர், ஏழு விதமாக.
எட்டாவது ஆள் ஒன்றும் சொல்லாமல் அழுதாராம்.
அதையும் குறித்திருக்கிறார், தேதி போட்டு.

நான் எண்ணி முடித்ததும் வெள்ளை வண்டி வரும்,
நல்லதாகப் பார்த்துத் தலைநகரத்துக்கு ஏற்றிப்போக.
அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.
அவரும் கேட்கவில்லை.

ஆறாம் நாள் மாலை கணக்கு உதைத்தது.
அவருடைய நோட்டு இரண்டாம் எண்ணில் தொடங்குகிறது.
எடைமேடைக்கு அடியில் பார்த்தேன்,
விளக்குக் கம்பப் பெட்டியில், தொட்டிலில்.
கேட்டால் மனிதருக்குச் சட்டென்று காது மந்தம்.

நிலைய அதிகாரியின் அறைதான் அவர்கள் அடுப்படி.
ஒர்தென்சியா எனக்குக் காப்பி கலக்கினாள்,
தேய்ந்து ஒருபக்கம் சாய்ந்துவிட்ட கரண்டியால்.
காம்பில், விரல் படுமிடத்தில், ‘கம்பெனியின் சொத்’.
மீதியை அவள் கட்டைவிரல் தின்றிருந்தது.

“கல்யாணத்துக்கு முந்தின வாரம் எடுத்துவந்தார்,
இருபத்தேழாம் கல்லருகே கிடந்ததாம்.
மோதிரத்துக்குக் காசில்லை.
கையில் கொடுத்து ‘ஒன்று’ என்றார்.
ஒரு கரண்டி என்கிறார் என்று நினைத்தேன்.
கழுவி வைத்தேன்.”

படிவத்தில் மூன்றே கட்டங்கள்:
காட்சியில். கிடங்கில். தொலைந்தது.
பதினெட்டு வருஷ உத்தியோகத்தில்
பொய்க்கணக்கு எழுதியதில்லை நான்.
சர்க்கரை எத்தனை என்றாள்.
இரண்டு என்றேன்,
மூன்றாவது கட்டத்தில் குறியிட்டபடி.