அடிக்கு நாலு வெள்ளி

பஹாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால் என் கடை.
பிறந்தநாள், இறுதி மரியாதை, நம்பர்க் கடைப் பலகை,
எது அச்சடித்தாலும்
சதுர அடிக்கு நாலு வெள்ளி.

நாலாம் டிவிசனிலிருந்து மோட்டாரில் வந்தாள் ஜெகதாம்பாள்.
உதிரிப்பழம் பொறுக்கி ஆரஞ்சேறிய நகம்.
மகளின் கொப்பியில் கிழித்த தாளில் எழுதியிருந்தாள்:
"கூரைய மாத்துங்கன்னு பதினோரு வருஷம் கேட்டோம்.
இப்ப வீட்டையே மாத்தச் சொல்றீங்க.
சரி, எங்கே?"

ஆறுக்கு மூணு அடி.
ஓரத்தில் கொடி டிசைன் இலவசம்,
அது பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டது.
தூரத்திலிருந்து படிக்கணும் அக்கா என்று
நான்தான் சுருக்கினேன்:
எங்கள் வீடு எங்கள் உரிமை.
தடித்த எழுத்து, மஞ்சள் நிழல்.
எங்கே மட்டும் இல்லை.

மகஜரை ஆசிரியர் தேவநாயகம் மலாயில் எழுதினார்.
முதல் பத்தி முழுக்க வணக்கம்.
மூன்றாம் பத்தியில் அந்த எங்கே
"பொருத்தமான மாற்று இடம் குறித்த விளக்கம்" ஆகி
இடுப்பு வளைந்து நின்றது.
பெறப்பட்டது என்று முத்திரை விழுந்தது.

வேனில் கட்டிய ஒலிபெருக்கியில்
குமரேசன் தொண்டை கிழியக் கேட்டான்.
செம்பனை வரிசைக்குள் போன சொல்
கே, கே என்று திரும்பியது.
கோழிகள் பதில் கொடுத்தன.

ஒரு ராத்திரி தட்டு கழுவிக்கொண்டே
கைப்பேசியில் அவளே பேசினாள்.
எங்கே இருந்தது அதில், குழாய்ச் சத்தத்தோடு.
ஜொகூர் போய், கெடா போய்,
பலமுறை பகிரப்பட்டது என்ற பட்டம் வாங்கி
அவளுக்கே வந்து சேர்ந்தது:
"அக்கா, இதக் கேளுங்க, பாவம் யாரோ."

மகள் ஹேமவர்ஷினி டிக்டாக்கில் போட்டாள்,
முப்பது விநாடி.
நாற்பதாயிரம் பேர் பார்த்து
பின்னால் படியில் தூங்கிய பூனைக்குப்
பெயர் கேட்டார்கள்.

கம்பெனி என்னிடம் வரவில்லை.
சிவப்பு ஸ்பிரே டப்பாவோடு ஒரு பையனை அனுப்பியது.
இருபத்திரண்டு கதவு,
இருபத்திரண்டு பெருக்கல் குறி.
யாரும் அர்த்தம் கேட்கவில்லை.
என் தொழிலில் இப்படியொரு சுருக்கத்தை
நான் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் குறிக்குக் கீழே
அடுப்புக்கரியால் எங்கே என்று எழுதினாள்.
அடுத்த வீடும் எழுதியது, அதற்கடுத்த வீடும்,
ஒரு கதவில் ங்-க்குப் புள்ளி இல்லை.
பத்திரிகைக்காரர் வந்து படம் பிடித்தார்.
இரண்டு பத்தி அகலத்துக்கு வெட்டினார்கள்.
குறி இருந்தது.
கீழே அரை அங்குலம் போயிருந்தது.

நேற்று மீதிப் பன்னிரண்டு வெள்ளியோடு வந்தாள்.
வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.
சில்லறையை எண்ணி வைத்துவிட்டுச் சொன்னாள்,
"தம்பி, ஒண்ணு கேக்கணும்.
நீ எழுத்துக்குக் காசு வாங்குறியா, இடத்துக்கா?"

"இடத்துக்குத்தான் அக்கா."

"எல்லாரும் அப்படித்தான்" என்று
ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.