வெயில் பட்ட சாறு

லேபல் காயட்டும் என்று
நாலு குடுவையை மேற்கு யன்னலில் வைத்த பேரின்பராசா அண்ணன்
மறந்து போனார்.
வியாழன் மத்தியானம் தொடங்கிப் பொழுது படும்வரை
வந்தாறுமூலை வெயில்.
மிச்சம் நாலும் அலுமாரிக்குள், இருட்டில்.

தேன் நிறச் சாறு. எட்டிலும் ஒரே நிறம்.
முகர்ந்து பார்த்தேன்: ஈஸ்ட், கொஞ்சம் உப்பு.
"கெட்டுப்போகல்லியே புள்ள?"
கெடவில்லை.

வெள்ளி விடிய
ஒரே வளர்ப்பிலிருந்து எட்டிலும் விதைத்தேன்.
கல்லடியில் வாவித் தண்ணீரில் பிடித்த பற்றீரியா,
இருபது நிமிடத்தில் ஒன்று இரண்டாகும் அவசரக்காரர்.
அலுமாரிக் குடுவைகள் மத்தியானமே கலங்கின,
மழைக்குப் பிந்திய வாய்க்கால் போல.
யன்னல் குடுவைகளுக்குப் பின்னால்
என் விரல்ரேகை தெரிந்தது.
0.04. 0.04.
மாலை ஐந்துக்கும் 0.04.

இவற்றின் மேல் வெயில் படவேயில்லை.
பஸ் செங்கலடி தாண்டியும் அதையே யோசித்தேன்.
இவை வந்து இறங்குமுன்னே
வெயில் வந்து, சாற்றிலிருந்த மஞ்சள் விற்றமினை உலுக்கி,
தண்ணீருக்கு ஓர் ஒட்சிசனைக் கூடக் கட்டிவிட்டுப் போயிருக்கிறது.
ஐதரசன் பரவொட்சைட்டு.
புண் கழுவுகிற அதே மருந்து,
மூக்குக்கும் கண்ணுக்கும் எட்டாத அளவில்.

விருந்துக்கு வந்தவர்கள்
சோற்றில் கை வைக்காமல்
இலையைக் கழுவிக்கொண்டே இருக்கிறார்கள்.
வெல்லம் எரித்து வரும் சக்தி
உடம்பு வளர்க்கப் போகவில்லை;
இரும்பு வைத்த நொதியம் ஒன்றைக் கட்டி
நஞ்சைத் துளித்துளியாய் உடைத்துத்
தண்ணீரும் குமிழியுமாய் விடுவதிலேயே தீர்கிறது.
வரைதாளில் அது ஒரு தட்டைக் கோடு.
தாமத அவத்தை என்கிறது பாடநூல்.
தாமதமாம்!
இவ்வளவு வேலை நடந்த ஒரு நாளை
நான் வேறெங்கும் அளந்ததில்லை.

சனிக்கிழமை ஆளில்லாத ஆய்வுகூடத்தில்
இன்னொன்று செய்து பார்த்தேன்.
நூறை விட்ட குடுவையில் நூறும் போயின.
பத்துக் கோடியை விட்டது
பதினொரு மணிக்கே கலங்கிற்று.
முந்தி இறங்கியவை எதைக் குடித்து முடித்தன என்று
பிந்திப் பிறந்தவை அறியா.
கொழுத்து, பிரிந்து, பிரிந்து, கொழுத்து.

திங்கள். அண்ணன் யன்னலுக்குப்
பழைய பேப்பர் ஒட்டிக்கொண்டிருந்தார்.
"அப்ப பிழை என்ட மேலயா?"
கவனக்குறைவு என்று ஒரு வரி போடச் சொல்லியிருந்தார் பேராசிரியர்.
நான் எழுதியது:
ஊடகத்துக்கு ஒளியூட்டல், ஆறு மணித்தியாலம்.
செய்தவர்: க. பேரின்பராசா.