இனானிஸ்

பேம்ஸ்டரில் எல்லா வயலும் கடலுக்குக் கீழே.
ஏணியின் உச்சிப்படியில் நின்றால்
என் தலை ஒருவேளை கடல்மட்டத்தைத் தொடும்.
அங்கேதான் நின்றிருந்தேன்,
முகத்தில் வலை, கையில் மருந்துக்குழாய்,
ஹிஸ்கே தெர்ப்ஸ்ட்ராவின் கொட்டகைக் கூரையடியில்
பூசணி அளவு குளவிக்கூடு.
ஜூலை. கூடு ஒன்றுக்கு எண்பது யூரோ.

வாசலில் காவல்.
வருகிற ஒவ்வொன்றையும் மீசையால் தடவி
உள்ளே விட்டார்கள்.
அப்போது இது வந்தது:
தடித்த மஞ்சள், கறுப்புப் பட்டை இரண்டு,
முகமெல்லாம் கண்.
காவல் தொட்டுப் பார்த்தது. ஒதுங்கியது.
வாடகை பாக்கி இல்லாத ஆள் மாதிரி
நடந்தே உள்ளே போனது.

"அது குளவி இல்லை, ஈ.
சிறகு இரண்டுதான், எண்ணிப் பாருங்கள்"
என்றாள் ஹிஸ்கே, மூடிய சன்னலுக்குப் பின்னால்.
பள்ளியில் லத்தீன் நடத்துகிறவள்.
பறப்பதில் போய் யார் எண்ணுவது?

எங்கள் பக்கம் அதை மஞ்சள் ராட்சசன் என்போம்.
அவள் ஒரு தாளைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினாள்:
வொலுசெல்லா இனானிஸ்.
முதல் சொல், சின்னதாய்ப் பறப்பது.
அடுத்தது, வெற்று. காலி. உள்ளே ஒன்றுமில்லாதது.
ஏன் அந்தப் பேர்?
அவளுக்கும் தெரியவில்லை.
வயிற்றின் வழியே வெளிச்சம் தெரிந்திருக்கலாம்.
கொடுக்கைத் தேடி ஏமாந்திருக்கலாம்.

சிரித்தேன். ஏணி ஆடியது.
சட்டையில் தைத்த பேரைக் காட்டினேன்:
வீபே லேக்வாட்டர்.
லேக் என்றால் எங்கள் மொழியில் காலி.
பள்ளியில் என் மேசைமேல்
காலிப் பாட்டில்களாக வைப்பார்கள்.
இந்த வயலெல்லாம் ஏரியாக இருந்ததாம்,
காற்றாலையால் இறைத்து இறைத்து
காலி செய்தது எங்கள் ஆட்களாம்.
ஆதாரம் கேட்டால் அப்பா பேச்சை மாற்றுவார்.
காலியான இடத்தில் இப்போது முட்டைக்கோஸ்.

"உள்ளே என்ன செய்யும்?"
"முட்டை இடும். புழு தட்டையானது,
குளவிக் குஞ்சுக்கும் அறைச்சுவருக்கும் நடுவே
கடிதம் மாதிரி நுழைந்துகொண்டு
பக்கத்தில் இருப்பதைத் தின்னும்."
கொட்டுப்படாமலே குளவியாகிற புழு.
அப்படியானால் அது வெற்று இல்லை,
பசி.

விரல் விசையில்தான் இருந்தது.
அது வெளியே வரட்டும் என்று நின்றேன்.
பதினோரு நிமிடம்.
வந்தது. என் கையுறைமேல் உட்கார்ந்து
கால்களைத் துடைத்துக்கொண்டது.
கொடுக்கு கிடையாது, இப்போதுதான் கேட்டேன்,
இரண்டு மொழியில் கேட்டேன்.
இருந்தும் கை வெடுக்கென்று பின்வாங்கியது,
குழாய் கீழே விழுந்து
முட்டைக்கோஸ் பாத்தியில் உருண்டது.

இறங்கி வந்து ஏணியை மடக்கினேன்.
"அக்டோபர் குளிரில் கூடு தானாகக் காலியாகிவிடும்.
அதுவரை இந்தக் கதவைத் திறக்காதீர்கள்."

"எண்பது?"

வந்துபோன செலவுக்கு
இருபது போதும் என்றேன்.